பாட்டில் வாங்கப் போன பால்பல்

கசாப்புக் கடைக்காரர் பால்பல்லைச் சட்டம் முதன்முறையாகக் கன்னத்தில் அறைந்தபோது அவருக்கு வயது இருபத்தெட்டு. கல்யாணமாகி, சொந்தமாகக் கடை வைத்து, தொழில் வரியும் ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்தார். மதுக்கடை வாசலில் ஒரு பீர் பாட்டிலோடு நின்றவரை ரோந்து வந்த கான்ஸ்டபிள் பின்னங்கழுத்தைப் பிடித்துத் தூக்கி, எந்தப் பள்ளிக்கூடம் என்று விசாரித்துக்கொண்டே ஒன்று வைத்தார். பால்பல் சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். கான்ஸ்டபிள் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, அப்பாவின் அட்டையைத் திருடிக்கொண்டு வந்ததற்காக இன்னொன்று வைத்தார்.

குற்றம் முழுக்க முகத்தினுடையது. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத முகம். மீசையும் தாடியும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. முன்வரிசைப் பற்கள் அரிசி அரிசியாக, விழுந்து முளைக்க மறந்துபோனவை போல இருக்கும். பெயர் அதிலிருந்து வந்தது. உயரமும் ஐந்தடிக்குக் கொஞ்சம் உள்ளேயே நின்றுவிட்டது. ஆனால் தோளிலிருந்து கீழே இருந்த கைகள் வேறு யாருடையவோ. கொக்கியில் தொங்கும் ஆட்டை ஒரே இழுப்பில் இரண்டாகப் பிளக்கிற கைகள். புதிதாகக் கறி வாங்க வருகிறவர்கள், "அப்பா இல்லையாப்பா?" என்பார்கள். இருக்கிறார் என்று சொல்லிவிட்டு வெட்டிக் கொடுப்பார். போட்டோ ஸ்டுடியோவில் கல்யாணப் படம் எடுக்கப் போனபோது, தம்பியைக் கொஞ்சம் முன்னால் நிற்கச் சொல்லுங்கள் என்று போட்டோக்காரர் மணப்பெண்ணிடம் கேட்டுக்கொண்டார். மனைவி அவரைவிட ஒரு தலை உயரம். அந்தப் படத்தில் அவள் சிரித்த சிரிப்பு இன்றைக்கும் சுவரில் தொங்குகிறது.

அதனால் அடையாள அட்டையை பிளாஸ்டிக் உறையில் போட்டு, கக்கூசுக்குப் போனாலும் எடுத்துப் போகிற மனிதராக அவர் ஆனார். உலகத்தில் அவர் ஆம்பிளை, பெரியவர், குடும்பஸ்தர் என்பதற்கெல்லாம் அது ஒன்றுதான் சாட்சி.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். தினமும் காலையில் கழுத்தறுக்கிற இந்த மனிதர் வாழ்க்கையில் ஒருவர் மேலும் கை வைத்ததில்லை. கத்தி எல்லாம் வேலை நேரத்தில்தான் என்பார். அவரைச் சுற்றி இருந்தவர்களுக்கோ வேலை நேரம், ஓய்வு நேரம் என்ற வித்தியாசமே கிடையாது.

அவர் அக்கா அடுத்த தெருவில் இருந்தாள். துணித் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. புருஷன் வேறு ஊரில் வேறு குடும்பத்தோடு சௌகரியமாக இருந்தார். ஒரே மகள், பதினைந்து வயது. அவள் குணத்துக்குப் பொருத்தமாக வாலு என்று கூப்பிட ஆரம்பித்து, அதுவே பெயராக நிலைத்துவிட்டது. ஒரு நாள் மத்தியானம் வாலுவோடு படிக்கிற பெண் ஒருத்தி கறிக்கடைக்கு மூச்சிரைக்க ஓடி வந்தாள். வாலு எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள் என்றாள்.

பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், தான் எடுத்த வாந்தியிலேயே மல்லாந்து கிடந்தாள் வாலு. உதடு இரண்டும் நாள்பட்ட ஈரல் நிறத்தில் இருந்தன. அந்த நிறம் உயிருள்ள உடம்பில் இருக்கக் கூடாது என்பது பால்பல்லுக்குத் தெரியும். பாதி ஆட்டைத் தூக்குவது போலத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். ரத்தம் தோய்ந்த ஏப்ரன், தோளில் மயங்கிய பெண்பிள்ளை, கீழே பையன் முகம். வழியில் இரண்டு நல்ல மனிதர்கள் வண்டியை நிறுத்தி, விசாரிப்பதற்கு முன்னால் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். அவர் ஓட்டத்தை நிறுத்தாமலே வாங்கிக்கொண்டார்.

டாக்டர் அவளைப் பக்கவாட்டில் புரட்டி, தொண்டைக்குள் குழாய் விட்டு, இழுக்க வேண்டியதை இழுத்தார். இன்னும் கொஞ்ச நேரம் மல்லாந்து கிடந்திருந்தால் எல்லாம் நுரையீரலுக்குள் போயிருக்கும் என்றார். குடித்தது கண்ட கலப்படச் சரக்கு. இன்னொரு தடவை இந்த உடம்பு தாங்காது, அடுத்த முறை தோளில் தூக்கிக்கொண்டு எங்கே ஓடினாலும் ஒன்றுதான் என்றார்.

அக்கா வந்தாள். வந்ததும் முதல் அறை தம்பிக்கு. விஷயம் அவனுக்கு முதலில் தெரிந்ததற்காக. இரண்டாவது கட்டிலில் கிடந்த மகளுக்கு. சலைன் ஸ்டாண்டு சரிந்தது. குறுக்கே வந்த நர்சுக்கும் ஒன்று தவறிப் போய் விழுந்தது. பிறகு அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னாள். வெளியே மூச்சு விடக் கூடாது. பெண்பிள்ளை குடித்தாள் என்று தெரிந்தால் தலை நிமிர முடியாது. கேட்கிறவர்களுக்கு, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை.

எந்தச் சாப்பாடு என்று அக்கம்பக்கம் கேட்காமல் இருக்குமா? தம்பி கொடுத்த கறி என்று சொல்லிவிட்டாள் அக்கா. அந்த வாரம் பால்பல்லின் கடையில் ஈ மட்டும்தான் வந்து போனது.

அவர் ஈயை விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாலு தெளிந்து உட்கார்ந்ததும் அவளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: எங்கே வாங்கினாய்?

"வடிகால் சந்துல ஒரு ஜன்னல் இருக்கு மாமா. தட்டினா கை வரும். முகம் வராது."

வடிகால் சந்து ஜன்னலை எல்லோருக்கும் தெரியும், யாருக்கும் தெரியாது. அது ஒரு மதுக்கடையின் முதுகு. கடையின் முகத்தில், பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு விற்பனை இல்லை என்று ஆள் உயர எழுத்தில் எழுதிப் போட்டிருந்தார்கள். அதைப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் பின்பக்கம் போனார்கள். முதலாளிக்கு ஊர் வைத்த பெயரே ஜன்னல். அந்த ஜன்னலை மூட வேண்டும், வாலுவுக்கு மறுபடி ஆசை வருவதற்கு முன்னால் மூட வேண்டும். பால்பல்லுக்கு அதற்கப்புறம் வேறு சிந்தனை இல்லை.

காவல் நிலையத்துக்குப் போனார். இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். எந்தப் பிள்ளைக்கு விற்றான், பிள்ளையைக் கூட்டி வா, உடனே உள்ளே தூக்கி வைக்கிறேன் என்றார். பால்பல்லால் வாயைத் திறக்க முடியவில்லை. அக்கா தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். அவளுடைய தலையில் அல்ல, அவருடைய தலையில், பலமாக. வேண்டுமானால் சிறுவர் மது ஒழிப்புக் குழு கூடுகிறது, அங்கே வா என்று இன்ஸ்பெக்டர் அனுப்பிவைத்தார்.

குழுவுக்குத் தலைவர் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். செயலாளர் மருந்துக்கடைக்காரர். பால்பல் போய் முன் நாற்காலியில் உட்கார்ந்ததும், தம்பி, இது பெரியவர்கள் பேசுகிற இடம் என்று தலைமையாசிரியர் அவரைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். கூட்டம் உருக்கமாக நடந்தது. ஒவ்வொருவராக எழுந்து, தன் பிள்ளை அந்த வாடை அடிக்கிற பக்கமே போகாது, ஆனால் மற்றவர்களின் பிள்ளைகளை நினைத்தால் தூக்கம் வரவில்லை என்றார்கள். பிள்ளைகள் குடிப்பதைத் தடுக்கக் கூடிய அந்தக் கூட்டத்தில் குடிக்கிற பிள்ளை ஒருத்தருக்கும் இல்லை.

இன்ஸ்பெக்டர் எழுந்து, கையும் களவுமாகப் பிடிக்க ஒரு வழி உண்டு, சின்ன வயதுப் பிள்ளை ஒன்றைச் சீருடையோடு அனுப்பி பாட்டில் வாங்க வைக்க வேண்டும், யார் பிள்ளையைத் தருகிறீர்கள் என்று கேட்டார். தன் பிள்ளை அவ்வளவு தூரம் நடக்காது என்றார் ஒருவர். தன் மகனுக்கு முகத்தில் ஒழுக்கம் அப்படியே தெரியும், கடைக்காரன் நம்ப மாட்டான் என்றார் தலைமையாசிரியர். இன்ஸ்பெக்டரின் பார்வை வரிசை வரிசையாகப் பின்னால் போய், கடைசியில் பால்பல்லின் மேல் நின்றது. நின்றது நின்றபடியே சிரித்தது.

பள்ளிக்கூடத்து அலமாரியிலிருந்து சீருடை வந்தது. கால்சட்டை நீளத்தை மனைவி மடித்துத் தைத்தாள். தைக்கிறபோது சிரித்தாள், டை கட்டிவிடும்போது சிரித்தாள், தலைக்கு எண்ணெய் வைத்து வகிடு எடுத்தபோது சிரிப்பு தாங்காமல் அழுதாள். வாசல் தாண்டும்போது மட்டும் அவர் தோளைப் பிடித்து, "பாத்துப் போங்க" என்றாள். சீருடைக் கால்சட்டையில் பை கிழிந்திருந்தது. அதனால் பல வருஷங்களில் முதன்முறையாக அடையாள அட்டை வீட்டில், ஆணியில் தொங்கிய பழைய சட்டைக்குள் தங்கிவிட்டது.

ஒரே கடையைக் குறிவைத்ததாகப் பேச்சு வரக் கூடாது என்று இன்ஸ்பெக்டர் முதலில் அனுப்பியது வேறொரு மதுக்கடைக்கு, மொட்டையின் கடைக்கு. மொட்டை, தலையிலும் சரி பேச்சிலும் சரி, அநாவசியமாக எதையும் வளரவிடாத ஆள். பால்பல் குரலை இளக்கி ஒரு பாட்டில் கேட்டார். மொட்டை கவுண்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, காதைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்து, நாய் விரட்டுகிற பிரம்பால் தொடையில் வெளுத்து வாங்கினார். எதிர்ச் சாரியில் மறைந்திருந்த இன்ஸ்பெக்டர், சட்டத்தை மதிக்கும் வியாபாரி என்று மனதுக்குள் பாராட்டிக்கொண்டு அசையாமல் இருந்தார். பால்பல் நொண்டிக்கொண்டு வடிகால் சந்துக்குப் போனார்.

தட்டினார். கை வந்தது. மோதிரம் போட்ட, கொழுத்த கை. பணம் உள்ளே போனது, பாட்டில் வெளியே வந்தது. கை திரும்பிப் போகும் முன் அவர் கன்னத்தைச் செல்லமாகத் தட்டிக்கொடுத்தது. அடுத்த தடவை சில்லறையாகக் கொண்டு வா கண்ணு என்று உள்ளிருந்து குரல் சொன்னது.

பாட்டிலைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்ட வேண்டும், அதுதான் போலீசுக்கு அடையாளம். தூக்கினார். சந்தின் மறுகோடியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வந்தது போலீஸ் இல்லை, குழு.

இன்ஸ்பெக்டர் திட்டத்தின் நாளைக் குழுவிடம் சொல்லவில்லை. குழுவில் ஒருவர் வாய் நின்றால்தானே. குழுவோ, அப்பாக்கள் கம்போடு ரோந்து போவதை இன்ஸ்பெக்டரிடம் சொல்லவில்லை. கம்பு சட்டப்படி தப்பு. இரண்டு தரப்பும் புத்திசாலித்தனமாகவே நடந்துகொண்டன. நடுவே பால்பல் நின்றார். தங்கள் பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு பயல், மதுப்பாட்டிலைக் கோப்பை ஜெயித்தவன் மாதிரி வானத்துக்கு உயர்த்திக் காட்டிக்கொண்டு நிற்கிறான். தலைமையாசிரியருக்கு அந்தக் கணத்தில் முகம் எதுவும் தெரியவில்லை. டைதான் தெரிந்தது. டையைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து மோதினார்.

"சார், எனக்கு முப்பத்திமூணு வயசு சார்."

இதைவிடப் பெரிய அவமரியாதையை அந்தக் குழு அதுவரை கேட்டதில்லை. மிச்சமிருந்த கம்புகளும் இறங்கின. முழங்காலில் ஒன்று, முதுகில் கணக்கில்லாமல். கீழே விழுந்தவரின் தோளில் யாரோ செருப்புக்காலால் ஏறி நின்றபோது, காறை எலும்பு முறிகிற சத்தம் அவருக்கே தெளிவாகக் கேட்டது. நாள் முழுவதும் கேட்கிற சத்தம்தான், உள்ளேயிருந்து கேட்பது புதிது. மருந்துக்கடைக்காரரின் கம்பு வாயில் பட்டது. முன்பற்கள் இரண்டு வடிகாலில் போய் விழுந்தன. அட்டையை எடுக்கக் கை தன்னால் கால்சட்டைக்குப் போனது. பைக் கிழிசல் வழியாக விரல்தான் வெளியே வந்தது. இத்தனைக்கும் நடுவே பாட்டிலை மட்டும் வயிற்றோடு அணைத்துச் சுருண்டு கிடந்தார். உடம்பில் உடையாமல் மிஞ்சியது அது ஒன்றுதான். இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தார். பழக்கத்தில் அவரும் பூட்ஸ் காலால் ஒன்று கொடுத்துவிட்டுத்தான் ஆளை அடையாளம் கண்டார்.

ஜன்னலைக் கைது செய்தார்கள். வழக்கு கோர்ட்டுக்கு வந்தது. ஜன்னலின் வக்கீல் சாட்சிக்கூண்டில் நின்ற பால்பல்லிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: வயது என்ன? சத்தியப் பிரமாணம் எடுத்த வாயால், பல் இல்லாத இடத்தில் காற்று போக, முப்பத்திமூன்று என்றார். நீதிபதி நம்பவில்லை. அட்டையைக் கேட்டார். வந்தது. மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்துவிட்டு அதைச் சான்றுப் பொருளாகக் குறித்துக்கொண்டார். முப்பத்திமூன்று வயதுக் குடும்பஸ்தருக்கு ஒரு பாட்டில் விற்றது எந்தச் சட்டத்தில் குற்றம் என்று கேட்டார் வக்கீல். ஜன்னல் வழியாக விற்றது காற்றோட்டத்துக்காக என்றும் சேர்த்துக்கொண்டார். வழக்கு தள்ளுபடி. அட்டையைத் திருப்பிக் கேட்டதற்கு, அப்பீல் காலம் முடியட்டும் என்று எழுத்தர் உள்ளே வைத்துக்கொண்டார்.

கோர்ட் வாசலில் தலைமையாசிரியர் பால்பல்லை மனத்தாங்கலோடு பார்த்தார். "வயசை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல தம்பி."

சாயங்காலம் ஜன்னல் மறுபடி திறந்தது.

முறிந்த தோளுக்காகக் கழுத்திலிருந்து கட்டித் தொங்கவிட்ட கைத்தொட்டிலோடு பால்பல் கடைக்கு வந்தார். ஒற்றைக் கையால் வெட்டப் பழகிக்கொண்டார். பள்ளி விட்டதும் வாலு நேராக அங்கே வந்துவிட வேண்டும், அம்மா ஷிப்ட் முடியும்வரை மாமாவின் கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்பது அக்காவின் உத்தரவு. தொங்குகிற ஆடுகளுக்குக் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வீட்டுப் பாடம் எழுதுவாள். முதல் நாள் அவர் வாயையும் தோளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எனக்காகவா மாமா?"

"சேச்சே. எனக்கு யூனிபார்ம் போட்டுக்க ஆசை."

அவள் சிரிக்கவில்லை. அப்புறம் ஒரு நாள் அவள் உள்ளே வந்தபோது அளவுக்கு அதிகமாகப் புதினா மிட்டாய் மணத்தது. பால்பல் கத்தியைக் கீழே வைத்தார். மிட்டாய்க்குப் பின்னால் வேறொரு வாடை இருந்தது. யாராக இருந்தாலும் அந்த இடத்தில் கை ஓங்கியிருப்பார்கள். அவளும் அதை எதிர்பார்த்துக் கன்னத்தைத் தயாராகத்தான் வைத்திருந்தாள். அவர் ஒரு சொம்பு தண்ணீரை எடுத்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். முதுகு குலுங்கியது. அடி என்றால் அவளுக்குப் பழக்கம் உண்டு. அந்த முதுகுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒரே ஒரு வாய்தான் என்றாள், தானே போகவில்லை, கூட இருந்தவர்கள் கொடுத்தார்கள் என்றாள், பிறகு தண்ணீரைக் குடித்தாள்.

அந்த வாரத்திலேயே ஜன்னல் நேரில் வந்தான். கோர்ட்டில் நின்ற அவமானத்துக்கு வட்டி வேண்டாமா? தடியர்கள் இரண்டு பேர் கூட வந்தார்கள். ஒருவன் ஷட்டரைப் பாதி இறக்கினான். மற்றவன் பால்பல்லின் கைத்தொட்டிலைப் பிடித்து முறுக்கினான். ஒட்டத் தொடங்கியிருந்த எலும்பு மறுபடி பிரிந்தது. கத்தக்கூட மூச்சு வரவில்லை. வயிற்றில் முழங்காலால் இடித்தார்கள். கறி கழுவும் தொட்டியின் ரத்தத் தண்ணீருக்குள் தலையை அமுக்கி, துடிப்பு அடங்கப் போகிற சமயம் பார்த்து வெளியே எடுத்தார்கள். பிறகு நல்ல கையை இழுத்து வெட்டுக்கட்டையின் மேல் விரித்து வைத்தார்கள். ஜன்னல், கொக்கிக் கம்பியில் மாட்டியிருந்த வெட்டுக்கத்தியை எடுத்து, எடை பார்ப்பது போலக் கையில் ஆட்டிப் பார்த்தான்.

"இந்தக் கையிலதானே கண்ணு பாட்டில் வாங்கின?"

கடையின் பின்கட்டில், ஆட்டுக்கால் மயிரை உரிப்பதற்காகத் தண்ணீர் எப்போதும் கொதித்துக்கொண்டிருக்கும். வாலு அங்கேதான் இருந்தாள். கண்ணு என்ற அந்தச் சொல்லைக் கேட்டாள். சந்தில் அவளிடமும் அதே குரல் அதே சொல்லைச் சொல்லியிருக்கிறது. முகம் இன்றைக்குத்தான் பார்க்கிறாள். கந்தைத் துணியால் இரண்டு காதையும் பிடித்து அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

கத்தி இறங்கியதும் தண்ணீர் விழுந்ததும் ஒரே நேரத்தில் நடந்தன. ஜன்னலின் பிடரியிலிருந்து முதுகு வரை ஆவி பறந்தது. சட்டையைப் பிய்த்தெறியப் போனவன் சட்டையோடு தோலையும் சேர்த்து உரித்தான். அவன் போட்ட கூச்சலில் இரண்டு தடியர்களும், ஒருவன் காலில் வெந்நீர் பட்ட நொண்டலோடு, ஷட்டருக்குக் கீழே புகுந்து ஓடிவிட்டார்கள். கத்தி குறி தவறிப் பால்பல்லின் சுண்டுவிரல் நுனியை மட்டும் எடுத்துக்கொண்டு கட்டைக்குள் இறங்கி நின்றது. அவர் விரலைப் பார்க்கவில்லை. வாலுவின் கால்களைப் பார்த்தார். கொதிநீர் அவள் மேல் தெறிக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் கீழே உட்கார்ந்தார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் குப்புறப் படுத்தபடியே ஜன்னல் புகார் கொடுத்தான். கறி வாங்கப் போன தன் மேல் ஒரு பெண் காரணமில்லாமல் வெந்நீர் ஊற்றிவிட்டாள். இன்ஸ்பெக்டர் கறிக்கடைக்கு வந்தார். கான்ஸ்டபிள் ஒருவர் விரல் நுனியை உறையில் போட்டுக்கொண்டார். சட்டம் சட்டம்தான், பெண்ணைச் சிறார் இல்லத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்று வருத்தமாகச் சொன்னார் இன்ஸ்பெக்டர். ஷிப்டைப் பாதியில் விட்டு ஓடி வந்திருந்த அக்கா, அண்டா கை தவறிச் சாய்ந்துவிட்டது, அவ்வளவுதான் என்று பூசி மெழுகத் தொடங்கினாள்.

"தவறல சார்," என்றாள் வாலு. "நான்தான் ஊத்தினேன். மாமா கையை வெட்டினான். அதுக்கு முன்னாடி எனக்குச் சரக்கு வித்தவன் அவன்தான்."

அக்காவின் கை காற்றில் கிளம்பியது. பாதி வழியில் நின்றது. துணி சுற்றிய, ரத்தம் கசிகிற பால்பல்லின் கை அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. ஆட்டைப் பிளக்கிற பிடி அது. அக்கா தம்பியை அப்போதுதான் முதன்முறையாகப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"அவ பேசட்டும்க்கா."

வாலு பேசினாள். தண்ணீர்த் தொட்டி, உதடு நிறம், தொண்டைக் குழாய், ஜன்னல், கண்ணு. ஆஸ்பத்திரியில் டாக்டர் எழுதிவைத்தது சாப்பாட்டுக் கோளாறு அல்ல, வேண்டுமானால் போய்க் கேளுங்கள் என்றாள். கூட யார் யார் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். மருந்துக்கடைக்காரரின் மகள் பெயரைச் சொன்னாள், எழுதினார். தலைமையாசிரியர் மகன் பெயரைச் சொன்னாள், பேனா நின்றது. அந்தப் பெயர் அவசியமா என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"எத்தனை தடவை தட்டணும்னு எனக்குக் கத்துக் குடுத்ததே அவன்தான் சார்."

அன்று சாயங்காலமே குழு கம்புகளோடு அக்கா வீட்டு வாசலுக்கு வந்தது. குடிகாரிப் பெண் தங்கள் பிள்ளைகளின் பெயரைக் கெடுத்துவிட்டாளாம். வாக்குமூலத்தை மாற்றிச் சொல்லும்வரை நகர மாட்டார்களாம். பால்பல் படியில் உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் கட்டு, ஒரு தோளில் கட்டு, வாயில் இரண்டு காலி இடம். எழுந்து வழியை மறித்து நின்றார். நின்றும் தலைமையாசிரியரின் மார்புக்குத்தான் வந்தார்.

"அன்னைக்குச் சந்துல அடிச்சீங்களே சார். அந்த யூனிபார்முக்குள்ள உங்க பையன் இருந்திருந்தா?"

பதிலுக்குத் தலைமையாசிரியர் மகனே கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தான். மருந்துக்கடைக்காரரின் மகளும் அவன் பின்னால் நின்றாள். வாலு ஒருத்தி மட்டும் மாட்டிக்கொள்ள வேண்டாம் என்று இரண்டு பேரும் விஷயம் காதில் விழுந்ததுமே வந்து, நாங்களும் ஸ்டேஷனுக்கு வருகிறோம் என்று சொல்லி உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். முகத்தில் ஒழுக்கம் தெரிகிறதா என்று யாரும் பார்க்கவில்லை. அப்பாவின் கம்பு மகனின் முகத்தில் குறுக்காக விழுந்தது. புருவம் கிழிந்து ரத்தம் கண்ணை மூடியது. இரண்டாவது அடி இறங்கும்போது நடுவே பால்பல்லின் தோள் இருந்தது. மூன்றாவது முறையாக அந்த எலும்பு முறிந்தது. அந்தச் சத்தத்தை இந்தத் தடவை எல்லோரும் கேட்டார்கள். தலைமையாசிரியர் தன் கம்பைப் பார்த்தார். அது தன்னுடையது இல்லை என்பது போலச் சுவரோரமாகச் சாய்த்து வைத்தார். பிறகு தன் டையைக் கழற்றி மகனின் புருவத்தில் அழுத்திப் பிடித்தார்.

மூன்று பிள்ளைகளின் வாக்குமூலமும் டாக்டரின் அறிக்கையும் சேர்ந்தபோது வயது பற்றி வக்கீலால் ஒன்றும் கேட்க முடியவில்லை. கத்தி வைத்ததற்கும் சேர்த்து ஜன்னல் உள்ளே போனான். கடையின் உரிமம் பறிபோனது. வெந்நீருக்காக வாலுவைச் சிறார் நீதிமன்றம் கண்டித்து, மாதம் ஒரு தடவை வந்து கையெழுத்துப் போடச் சொல்லி அனுப்பியது. வடிகால் சந்தில் கொத்தனார் வந்து ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார். பூச்சு காய்வதற்கு முன்பே குழு அங்கே ஒரு பலகை மாட்டிவிட்டது: இது குழுவின் முயற்சியால் மூடப்பட்டது. பால்பல்லின் பற்கள் அந்த வடிகாலில்தான் எங்கோ கிடக்கின்றன. பலகையில் அவற்றைக் குறிப்பிட இடம் போதவில்லை.

தோள் கூடிய பிறகு ஒரு நாள், உடம்பு வலிக்கு ஒரு பீர் குடித்தால் தேவலை போல அவருக்கு இருந்தது. சாயங்காலம் மொட்டையின் கடைக்குப் போனார். மொட்டை அவரைப் பார்த்தார், வாயில் பல் இல்லாத இடத்தைப் பார்த்தார், குட்டையான சுண்டுவிரலைப் பார்த்தார். ஆள் யார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். பிரம்பால் அடித்ததற்கு வீடு தேடி வந்து மன்னிப்பும் கேட்டுவிட்டுப் போனவர்தான். இருந்தும், ஜன்னல் அடைபட்டதிலிருந்து சட்டம் கறாராக இருக்கிறது, தப்பாக நினைக்கக் கூடாது, அட்டையைக் காட்டுங்கள் என்றார்.

அட்டை கோர்ட்டில் இருந்தது. அப்பீல் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் சான்றுப் பொருள் அறையின் சாவி வைத்திருந்தவர் மாற்றலாகிப் போய்விட்டார், சாவியும் அவரோடு போய்விட்டது என்கிறார்கள். போதாக்குறைக்கு விரல் நுனியும் இப்போது அங்கேதான் இருக்கிறது.

பால்பல் வெறுங்கையோடு வெளியே வந்தார். வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வாலு நின்றிருந்தாள். கடைக்குள் அவள் வரக் கூடாது, தெருவில் நிற்பதற்குத் தடை ஒன்றும் இல்லை. மாமாவின் கைகளைப் பார்த்தாள்.

"குடுக்கலையா?"

"அட்டை கேக்கறாரு."

வாலு கொஞ்ச நேரம் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அவளுக்கு இன்னும் மூன்று வருஷம். கோர்ட்டைப் பற்றி இப்போது அவளுக்கும் ஓரளவு தெரியும்.

"பேசாம ஏறி உக்காருங்க மாமா. உங்களுக்கு முன்னாடி எனக்குப் பதினெட்டு ஆயிடும்."

அவர் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கால் தரைக்கு எட்டவில்லை. வாலு மிதித்தாள்; வடிகால் சந்து வழியாகப் போனால் வீடு பக்கம், இருந்தும் சுற்று வழியில் போனாள்.